நந்தினிக்கு வராத காமாலை

பிரபு,

கடிதத்தின் தொடக்கத்தில் போட வேண்டிய அன்பான சொல் எதுவும் இன்று எனக்கு வரவில்லை. வராததை வந்தது போல எழுதிப் பழகிய கை இது. இந்தக் கடிதத்திலாவது அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டீர்களே, அது வந்தபோது நான் நந்தினியின் பள்ளிக்கூடத்தில், தலைமையாசிரியை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். படத்தில் உன் பிள்ளைகள் இருவரும் ஷார்ஜாவில் உங்கள் அடுக்ககத்தின் லிஃப்ட் முன்னால் நிற்கிறார்கள். மடிப்புக் கலையாத சீருடை, புது ஷூ. ஆதவின் கையில் ‘என் விடுமுறை’ என்று ஒரு சார்ட். கீழே மருமகள் ரம்யா எழுதியிருந்தாள்: ‘ஸ்கூல் திறந்தாச்சு. ஒரு நாளும் மிஸ் பண்ணாத பிள்ளைங்க.’ நீ அதற்குக் கைதட்டும் படம் போட்டிருந்தாய். எழுந்து போய் அந்தப் பள்ளி மைதானத்து ஓரத்தில், குழாயடியில் குனிந்து நின்றுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கோபமாக இருந்திருந்தால் உனக்குப் போன் போட்டுக் கத்தியிருப்பேன், நீயும் கத்தியிருப்பாய், இரண்டு நாளில் ஆறியிருக்கும். இது அருவருப்பு. என்மேல் அதிகம், உன்மேல் கொஞ்சம் குறைவு. ஆனால் உன் பங்கை நான் மறைத்து எழுதப் போவதில்லை.

நடந்ததை நீ இருந்து பார்த்தவன்தான். இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன். நீ பார்த்தது வேறு, நடந்தது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. ஜூலை முதல் வாரம் நீங்கள் பெங்களூரில் வந்து இறங்கினீர்கள். ஷார்ஜாவில் வெயில் கொளுத்தும் இரண்டு மாதம் உங்களுக்கு விடுமுறை. இங்கே ஜூனிலேயே பள்ளிக்கூடம் திறந்து, நந்தினி ஒன்பதாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் நானும் உன் அக்கா கவிதாவும் அவள் மகள் நந்தினியும்தான். உன் மச்சான் வடக்கே லாரி ஓட்டிப் போனால் வர ஒரு மாதம் ஆகும். கவிதாவுக்குக் கம்பெனி ஷிப்டு. குருபரப்பள்ளி சர்வீஸ் ரோட்டில் காலை ஐந்தே காலுக்கு ஓசூர் போகும் கம்பெனி பஸ் வரும். நின்றுகொண்டே எட்டு மணி நேரம் சர்க்யூட் போர்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அனுப்பிவிட்டு நான்கு மணிக்குத் திரும்புவாள். நீ வந்த மறுநாளிலிருந்து ஓசூர் பக்கம் மனை பார்க்கவும் பெங்களூரில் நண்பர்களைப் பார்க்கவும் போய்விட்டாய். ரம்யா மாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நான் இருந்தேன். முட்டி வலி என்றேன். முட்டி வலி உண்மை. வலியைச் சொல்லிவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துகொண்டதும் உண்மை.

மித்ராவுக்கு நான்கு வயது, புது இடம், இரண்டு நாள் விடாமல் அழுதாள். சாயங்காலம் நந்தினி யூனிபார்மோடு வந்து அவளைத் தூக்கி இடுப்பில் வைத்ததும் அழுகை நின்றது. மூன்றாம் நாள் ரம்யா என்னிடம் கேட்டாள். "மாமா, நந்தினி ரெண்டு நாள் லீவு போட்டா என்ன? பசங்களுக்குப் பழகற வரைக்கும்." நான் உன்னைப் பார்த்தேன். நீ போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "கவர்மெண்ட் ஸ்கூல்தானப்பா. ரெண்டு நாள்ல என்ன பெருசா போயிடப் போவுது." அதே மாதிரி அரசுப் பள்ளியில் படித்தவன் நீ. உன் தாத்தா இறந்த அன்று உனக்குக் காலாண்டுத் தேர்வு. உடலை எடுத்துப் போவதற்கு முன் நான் உன்னைச் சைக்கிளில் கொண்டுபோய்த் தேர்வு அறையில் விட்டுவிட்டு வந்தேன். ஊரே என்னைத் திட்டியது. இன்று நீ இருக்கும் இடத்துக்கு அந்த ஒரு நாளும் சேர்த்துத்தான் உன்னைக் கொண்டுபோனது. அதையெல்லாம் உனக்கு நினைவுபடுத்தியிருக்க வேண்டும். நான் சொன்னது, "சரி, ரெண்டு நாள்தானே."

இரண்டு நாள் ஒரு வாரமானது. யாரும் முடிவு செய்து ஆகவில்லை. காலையில் மித்ராவுக்குப் பல் தேய்த்துவிட, ஆதவுக்குக் காரம் இல்லாமல் தனியாகச் சாப்பாடு செய்ய, ரம்யாவுக்கு மாடிக்கு டீ கொண்டுபோக, துணி துவைக்கும் மெஷினில் போட்டுக் காயவைக்க ஆள் இருந்தது. பிறகு அந்த ஆள் இல்லாமல் முடியவில்லை. வகுப்பாசிரியை போன் செய்தபோது நீ பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். "ஜாண்டிஸ்னு சொல்லுப்பா, அதுதான் ஒரு மாசத்துக்குக் கேக்க மாட்டாங்க" என்றாய். சொன்னேன். எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று கம்பெனியில் எல்லாரும் சொல்வார்கள். முப்பத்தோரு வருடம் ஓசூரில் வேலை பார்த்து, கடைசிப் பன்னிரண்டு வருடம் சூப்பர்வைசராக ஷிப்டு வருகையைப் பார்த்துக்கொண்டவன் நான். உடம்பு சரியில்லை என்று லீவு கேட்டவனை ஒரு முறைகூட நம்பியதில்லை. டாக்டர் சீட்டு கேட்டுத் திருப்பி அனுப்புவேன். அந்த நான், ‘என் பேத்தி மஞ்சள் காமாலையால் படுத்த படுக்கையாக இருப்பதால்’ என்று அழகாக எழுதி, மடித்து, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினேன். நந்தினி அப்போது ஆதவுக்கு ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

கவிதா கேட்டாள். ஒரு நாள் ஷிப்டு முடிந்து வந்தவள், மகள் பாத்திரம் கழுவுவதைப் பார்த்துவிட்டு என்னிடம், "இவ இன்னும் ஸ்கூலுக்குப் போவலையாப்பா?" என்றாள். "தம்பி வந்திருக்கான் இல்ல, போற வரைக்கும்தான்" என்றேன். தகப்பன் வீட்டில் இருக்கிற மகள் எவ்வளவு பேச முடியுமோ அவ்வளவுதான் பேசினாள். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்து அதைப் பயன்படுத்திக்கொண்டேன்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் பி.டி. டீச்சர் வந்தார். நீ அன்று வீட்டில் இல்லை, அதனால் இது உனக்குத் தெரியாது. நந்தினி கோ-கோ ஆடுவாள் என்பதே உனக்குத் தெரியுமோ என்னவோ. அவர்கள் பள்ளி அணியில் அவளைத் துரத்திப் பிடிக்க ஆளில்லை என்பார்கள். அடுத்த வாரம் மற்றப் பள்ளிகளோடு போட்டி. டீச்சர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார், கையில் ஒரு கட்டு கீழாநெல்லி. வரப்பில் இறங்கி அவரே பறித்திருக்கிறார், புடவை ஓரமெல்லாம் சேறு. "அரைச்சு மோர்ல குடுங்க சார், சீக்கிரம் தெளிஞ்சிடும். மேட்ச் போனாப் போவுது, அவ நல்லாவட்டும்" என்றார். "உள்ள தூங்கறா" என்றேன். பின்கட்டில் மித்ரா சிரிக்கும் சத்தமும், அவளைத் துரத்தி ஓடும் நந்தினியின் கொலுசுச் சத்தமும் எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். கீழாநெல்லியை வாங்கி வைத்தேன். காபி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் போனபின் அந்தக் கட்டை எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் பின்பக்கம் ஆட்டுக்குப் போட்டேன். நந்தினி பார்த்தாள். "வந்தது எங்க பி.டி. டீச்சரா தாத்தா?" என்று மட்டும் கேட்டாள்.

போட்டி நடந்த அன்று நாம் எல்லாரும் கிருஷ்ணகிரி டேமுக்குப் போனோம். தேதியைப் பார்த்து வேண்டுமென்று போகவில்லை. உனக்குக் கார் கிடைத்த நாள் அது. மீன் கடைப் பெண் என்னிடம் தெலுங்கில் பேசிக்கொண்டே வறுத்துக் கொடுத்தாள். மித்ராவுக்கு முள் எடுத்து ஊட்டிக்கொண்டிருந்த நந்தினியைக் காட்டி ஆதவிடம் தமிழில் கேட்டாள்: "இந்தக் கண்ணு யாரு, உங்க அக்காவா?" ஆதவ் சொன்னான்: "இல்ல, இவங்க எங்க இந்தியா மெய்டு." கடைக்காரி சிரித்தாள். ரம்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ சத்தமாகச் சிரித்து, "டேய், என்னடா பேச்சு இது" என்று அவன் தலையைத் தடவினாய். நானும் சிரித்தேன், பிரபு. எனக்கு அந்தச் சிரிப்பின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எல்லாரும் சிரிக்கிறோமே என்று நந்தினியும் சிரித்தாள். ஏழு வயதுப் பையன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஷார்ஜாவில் சமைக்க, துணி மடிக்க, தன்னைக் குளிப்பாட்ட வரும் ஒருவரை அவன் பார்த்திருக்கிறான். இங்கே அதே வேலைகளைச் செய்யும் ஒருத்தியைப் பார்த்தான். அதே பெயரை வைத்தான். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னவன் அங்கே அவன் ஒருவன்தான்.

அதற்குப் பிறகு நடந்த இரண்டையும் நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. விமானக் கம்பெனி உங்கள் பயணத்தை நான்கு நாள் தள்ளிவைத்தது என்று ஒருநாள் செய்தி வந்தது. நீ கூடத்தில் நடந்துகொண்டே போனில் கத்தினாய். "பசங்களுக்கு ஸ்கூல் திறக்குதுங்க. முதல் நாளே மிஸ் பண்ண முடியாது. ஒரு நாள் போனாக்கூட எவ்ளோ கஷ்டம்னு உங்களுக்குப் புரியுதா?" தரையில் நந்தினி சார்ட் விரித்து உட்கார்ந்திருந்தாள். ஆதவின் விடுமுறை வீட்டுப்பாடம். டேம், தென்னைமரம், ஒரு மீன், எல்லாம் அவள் வரைந்து, முத்துமுத்தாக இங்கிலீஷில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் பள்ளிக்குப் போய் அன்றோடு ஆறு வாரம். நீ கத்தியது அவள் தலைக்குமேல்தான் போய்க்கொண்டிருந்தது. எப்படியோ பேசி வேறு விமானம் மாற்றி வாங்கினாய். கிளம்பும்போது அவளைக் கூப்பிட்டு, ஆதவின் பழைய ஸ்கூல் பேக்கில் சாக்லேட் போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னாய்: "நல்லா படிக்கணும். லீவு போடாம ஸ்கூலுக்குப் போவணும், என்ன?" "சரி மாமா" என்றாள். உன் குரலில் கிண்டல் இல்லை. மனதாரத்தான் சொன்னாய். எனக்கு அதுதான் சகிக்கவில்லை.

திங்கட்கிழமை நந்தினி பள்ளிக்குப் போனாள். மத்தியானமே திரும்பி வந்துவிட்டாள். சாயங்காலம் கவிதா வந்து உட்காரவைத்துக் கேட்டபிறகுதான் சொன்னாள். வகுப்பில் ஒரு பெண் அவளை டேமில் பார்த்திருக்கிறாள், வகுப்பாசிரியையிடம் சொல்லியும் இருக்கிறாள். டீச்சர் நாற்பது பிள்ளைகள் முன்னால் என் கடிதத்தைப் படித்துவிட்டு, "காமாலைக்கு வறுத்த மீனு புது வைத்தியமா?" என்று கேட்டிருக்கிறார். வகுப்பே சிரித்திருக்கிறது. போட்டியில் தோற்ற அணிப் பிள்ளைகள் மட்டும் சிரிக்கவில்லை. அவளோடு யாரும் பேசவுமில்லை. "இனிமே நான் போவலம்மா. பதினெட்டு ஆனதும் உன்னோட கம்பெனிக்கே வந்துடறேன்" என்றாள்.

கவிதா அழவில்லை. கம்பெனி அடையாள அட்டையைக்கூடக் கழுத்திலிருந்து கழற்றாமல் என்னைப் பார்த்தாள்.

"எனக்கும் நீங்கதான்பா எழுதினீங்க" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"பத்தாவதுல. அம்மாவுக்கு ஆபரேசன் ஆனப்போ. எனக்கு டைபாய்டுன்னு எழுதுனீங்க. நான் அத ரெண்டு தடவ படிச்சுட்டுத்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்."

உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது எட்டாவது. உன் அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்து, மூன்று மாதம் குனியக்கூடாது என்றார்கள். வீட்டில் ஆள் வேண்டும். எனக்கு ஷிப்டு. உன்னை ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. நிறுத்தலாம் என்று தோன்றக்கூட இல்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை கவிதா சோறாக்கி, உனக்கு டிபன் கட்டி அனுப்பினாள். பொதுத்தேர்வில் கணக்கில் பதினோரு மதிப்பெண் குறைந்து தோற்றுப் போனாள். மறுபடி எழுதவில்லை, நானும் எழுது என்று சொல்லவில்லை. ‘பையன் படிப்பான், பொண்ணு வீட்டைப் பாத்துக்குவா’ என்று நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. சொல்லாமலே நடத்தியிருக்கிறேன். கவர்மெண்ட் ஸ்கூல்தானே என்று நீ சொன்னதை எங்கே கற்றாய் என்று இத்தனை வாரம் யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில்தான் கற்றிருக்கிறாய். நீ சாப்பிட்ட அந்த டிபன் பாக்ஸில் இருந்தது அது. உனக்குத் தெரியாமல் அது உள்ளே போனது என் குற்றம். இத்தனை வயதாகி, வெளிநாடு பார்த்து, இரண்டு பிள்ளை பெற்றபிறகும் அதை வெளியே எடுத்துப் பார்க்காதது உன் குற்றம்.

மறுநாள் காலை பள்ளிக்குப் போனேன். உங்கள் படம் வந்தது அப்போதுதான். உள்ளே கூப்பிட்டதும் தலைமையாசிரியையிடம் நின்றபடியே சொன்னேன்: "அவளுக்குக் காமாலை வரலம்மா. என் பையனோட பசங்களப் பாத்துக்க வீட்ல நிறுத்தினேன். எழுதினது நான். அவ ஒரு பொய்யும் சொல்லல." அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார். பிறகு பி.டி. டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார். அவரிடமும் அதையே சொன்னேன். கீழாநெல்லியை ஆட்டுக்குப் போட்டதையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டீச்சர் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினார். "எனக்குத் தெரியும் சார். வண்டியத் திருப்பறப்போ உங்க வீட்டுப் பின்னாடி பாத்தேன். ஒரு குழந்தைய இடுப்புல வெச்சுனு துணி காயப் போட்டுனு இருந்தா. என்னப் பாத்துட்டு நின்னுட்டா. பெரியவரு சொல்றாரு, எப்படி முகத்துக்கு நேரா கேக்கறதுன்னு நான் வண்டிய எடுத்துனு வந்துட்டேன். அப்பவே எறங்கி உள்ள வந்திருக்கணும். நான் செஞ்சதும் கேவலம்தான்." நந்தினி இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. டீச்சர் தன்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார் என்று தெரிந்துகொண்டே மூன்று வாரம் மித்ராவுக்குத் தலை வாரியிருக்கிறாள்.

தலைமையாசிரியை பழைய கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்து, உண்மைக் காரணத்தை எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். கையெழுத்து நன்றாக வரவில்லை. வகுப்பாசிரியை, தான் கேட்டது தவறு என்று அதே வகுப்பில் சொன்னாராம். காலாண்டுக்கு முன் விட்ட பாடங்களைச் சாயங்காலம் ஒரு மணி நேரம் சொல்லித்தருகிறார்கள். கோ-கோ போட்டி இனி அடுத்த வருடம்தான். நந்தினி போகிறாள். கவிதா இரண்டு நாள் லீவு போட்டு, தானே கூட்டிக்கொண்டு போய் வகுப்பு வாசல்வரை விட்டு வந்தாள். வேலைக்குச் சேர்ந்து அவள் அப்படி லீவு போட்டது இதுதான் முதல் தடவை.

நான் நந்தினியிடம் மன்னிப்புக் கேட்டேன். "தப்பு பண்ணிட்டேன் கண்ணு" என்றேன். அவள் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். "சரி தாத்தா" என்றாள். கொஞ்சம் கழித்து, "அடுத்த வருசம் அவங்க வந்தா நான் ஸ்கூலுக்குப் போயிடுவேன். குட்டிய நீங்க பாத்துக்கோங்க" என்றாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்டு வாங்கப் போவதில்லை.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் தகப்பன் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். அவளுக்குச் சாக்லேட் அனுப்பாதே, உடை அனுப்பாதே, குரூப்பில் வாழ்த்துப் போடாதே. தலைமையாசிரியைக்கு உன் கைப்பட ஒரு கடிதம் எழுது. ‘என் அக்கா மகளை என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்காக ஏழு வாரம் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருந்தோம்’ என்று ஒரே ஒரு வரி போதும். எழுதும்போது அந்த வரி எங்கே உன் கையை நிறுத்துகிறது என்று கவனி. ரம்யாவும் பக்கத்தில் இருக்கட்டும். அடுத்த ஜூலையில் தாராளமாக வாருங்கள், உன் வீடு இது. உன் பிள்ளைகளை நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள். என் முட்டிக்கு முடிந்தவரை நானும் பார்க்கிறேன்.

நேற்று சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டாயே, நீ குளிக்கப் போனதும் ஆதவ் போனை எடுத்துக்கொண்டு என்னோடு பேசினான். சார்ட்டுக்கு டீச்சர் நட்சத்திரம் ஒட்டினார்களாம், புதுப் புத்தகமெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டினான். பிறகு கேட்டான்: "தாத்தா, நந்தினி அக்காவுக்கு மட்டும் எவ்ளோ பெரிய லீவு. அவங்க ஸ்கூல் எப்ப திறக்கும்?" அதற்குள் நீ வந்து, "போதும்டா, தாத்தாவுக்கு வேலை இருக்கும்" என்று வாங்கி வைத்துவிட்டாய். குழந்தை ஒரு கேள்வி கேட்டிருக்கிறான். அவனை உட்காரவைத்து, நீ பதில் சொல்.

அப்பா